காணாமல் போன ஒய் துண்டு: ஆண் குழந்தையின்மை ஆராய்ச்சியின் இந்திய வரலாறு

பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் சிடிஎச் ரோட்டில் பஸ்ஸில் போனால் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளை எண்ணிக்கொண்டே போகலாம். பெரும்பாலும் ஒரே படம்தான்: ஒரு அம்மா, ஒரு குண்டுக் குழந்தை. அப்பா என்று ஒருவர் இருந்தால் ஓரமாக, பாதி முகத்தோடு நிற்பார். வைத்தியம் யாருக்கு என்பதைப் பலகை போட்டவரே முடிவு பண்ணிவிட்ட மாதிரி இருக்கும். பூந்தமல்லி தாண்டி மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு போகிறவர்களில் குழந்தை வரம் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. அங்கேயும் வேண்டுதலைச் சுமப்பது அநேகமாகப் பெண்தான். நம்ம மொழியே அப்படித்தான் இருக்கு. 'மலடி' என்ற சொல் தெருச் சண்டையில் கூடச் சரளமாக வரும். 'மலடன்' அகராதியில் இருக்கிறது, யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆனால் மருத்துவர்கள் பல வருஷமாகச் சொல்கிற கணக்கு வேற. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். அப்படியானால் ஆணின் உடம்பில் என்ன கோளாறு என்று விஞ்ஞானம் எப்போது தேட ஆரம்பித்தது, இந்தியாவில் யார் தேடினார்கள் என்று கொஞ்ச நாளாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். நான் உயிரியல் படித்தவன் இல்லை, பி.ஈ. முடித்து சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் இந்தக் கதையில் பேக்கப், கரப்ஷன், பேட்டர்ன் தேடல் என்று எனக்குப் பழக்கமான சமாச்சாரம் நிறைய வருகிறது. அதனால்தான் விடாமல் படிக்க முடிந்தது.

முதலில் ஒரு முரணைச் சொல்லிவிடுகிறேன். சுதந்திர இந்தியா ஆணின் விந்தணுவைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறது. ஆனால் அதை நிறுத்துவது எப்படி என்றுதான் யோசித்தது. 1952-இல் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய முதல் நாடு நாம்தான். அதில் முன்னோடி நம்ம மெட்ராஸ் மாநிலம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசாமி பிற்பாடு இங்கே தலைமைச் செயலாளராக இருந்தார். 1950களின் பிற்பகுதியிலேயே இங்கே வாசக்டமி செய்துகொண்டவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள், ஆளைக் கூட்டிவந்தவருக்கும் பணம் கொடுத்தார்கள். ஆண் உடம்பைப் பற்றி அரசாங்கம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவருக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா, இல்லையா?

ஆராய்ச்சியும் அதே வழியில்தான் போனது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர்.மூட்கல் குழு நம்ம ஊர்க் குரங்குகளுக்கு எஃப்எஸ்ஹெச் ஹார்மோனுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டு விந்தணு உற்பத்தி குறைகிறதா என்று பார்த்தது. நோக்கம் ஆண்களுக்கான கருத்தடை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த வேலையிலிருந்து விந்தகம் எப்படி இயங்குகிறது என்பது பற்றி நிறையத் தெரியவந்தது. ஆனால் குழந்தை இல்லாத ஆண் அந்தத் திட்டத்தின் கணக்கில் எங்கேயும் வரமாட்டார். ஜனத்தொகையைக் குறைக்க ஓடிக்கொண்டிருந்த நாட்டில் அவருடையது ஒரு பிரச்சினையாகவே யாருக்கும் தோன்றியிருக்காது.

உலகக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1677-இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் மைக்ராஸ்கோப்பில் விந்தணு நீந்துவதைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்குச் சுமார் நூறு வருஷம் கழித்து இத்தாலியில் ஸ்பல்லன்சானி ஆண் தவளைகளுக்குச் சின்னக் கால்சட்டை மாட்டிவிட்டு, அவற்றோடு சேர்ந்த பெண் தவளையின் முட்டைகள் கருவாவதில்லை என்று காட்டினார். (உண்மைதான். உயிரியல் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை இது.) மனிதக் குரோமோசோம்களின் முதல் பிரபலமான எண்ணிக்கை 1923-இல் வந்தது. டெக்சஸ் மாநில மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களின் விதைகளை அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தத் திசுவை வைத்து தியோஃபிலஸ் பெயின்டர் 48 என்று சொன்னார். அந்த மனிதர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கப் போவதில்லை. எண்ணிக்கையும் தப்பு. 46 என்று சரியாகச் சொன்னது 1956-இல் ச்சியோவும் லெவானும்.

எண்ணிக்கை சரியானதும் கோளாறுகள் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தன. 1942-இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் விவரித்த நோயில் ஆண்களுக்கு விந்தகம் சிறுத்து, விந்தணு உருவாகாமல் இருந்தது. அவர்களுக்கு எக்ஸ் ஒன்று கூடுதலாக, அதாவது எக்ஸ்எக்ஸ்ஒய் என்று இருப்பதை 1959-இல் எடின்பரோவில் பட்ரிசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் கண்டுபிடித்தார்கள். ஆண் குழந்தையின்மைக்குக் குரோமோசோமில் காரணம் இருக்கலாம் என்பது அப்போதுதான் நிரூபணமானது.

அடுத்தது 1976. என் கணக்கில் இந்த மொத்தக் கதையின் மையம் அந்த வருஷம்தான்.

இத்தாலியின் பாவியா நகரில் லூசியானோ டியெபோலோ, ஓர்செட்டா சுஃபார்டி என்ற இருவர் குழந்தையின்மைக்காக வந்த 1,170 ஆண்களின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அதில் ஆறு பேருக்கு ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் நுனிப்பகுதி இல்லை. ஆறு பேருக்குமே விந்தில் விந்தணு கிடையாது. அவர்களில் சிலருடைய அப்பாக்களையும் பரிசோதித்தபோது அப்பாவின் ஒய் முழுசாக இருந்தது. ஆக, காணாமல் போன அந்தத் துண்டில் விந்தணு உருவாகத் தேவையான ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அதற்கு 'அசூஸ்பெர்மியா ஃபேக்டர்', சுருக்கமாக ஏஇசட்எஃப் என்று பெயர் வைத்தார்கள்.

அதே 1976-இல் இந்தியாவில் எமர்ஜென்சி. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பங்கு ஆண்களுக்கு. ரேஷன் கார்டு, சம்பளம், வேலை என்று எதையெதையோ காட்டி மிரட்டிக் கூட்டிப்போன கதைகள் வட இந்தியாவில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு ஊரில் ஆறு ஆண்களுக்கு ஏன் விந்தணு இல்லை என்று கண் வலிக்க மைக்ராஸ்கோப்பில் தேடுகிறார்கள், இன்னொரு ஊரில் லட்சக்கணக்கான ஆண்களின் விந்துக் குழாயை வெட்டுகிறார்கள். அதற்கப்புறம் நம்ம நாட்டில் வாசக்டமி தலைதூக்கவே இல்லை. குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பற்றி அரசாங்கமும் டாக்டரும் பேசினாலே சந்தேகம் வருகிற மாதிரி ஒரு பயம் படிந்ததற்கும் அந்த இருபத்தொரு மாசத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் ஊகம்.

அதே 1976-இல் மூன்றாவதாக ஒன்று நடந்தது. எடின்பரோவில் கே.டபிள்யூ.ஜோன்ஸின் ஆய்வகத்தில் இருந்த லால்ஜி சிங் என்ற உத்தரப்பிரதேசத்துக்காரர் பாம்புகளின் பால் குரோமோசோம்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இவர் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் எஸ்.பி.ராய்சௌத்ரியிடம் பாம்புக் குரோமோசோம்களில் முனைவர் பட்டம் வாங்கியவர். பாம்பில் நமக்கு நேரெதிர். பெண்ணுக்குத்தான் இரண்டு விதமான பால் குரோமோசோம், இசட்டும் டபிள்யூவும். ஆணுக்கு இரண்டுமே இசட். பட்டைக் கட்டுவிரியனின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் அந்த டபிள்யூவில் குவிந்து கிடப்பதை சிங் கண்டார். அதற்கு 'பேண்டட் கிரெய்ட் மைனர்', சுருக்கமாக பிகேஎம் என்று பெயர். ஜி, ஏ, டி, ஏ என்ற நாலெழுத்து மறுபடி மறுபடி வரும். பிறகு எலியின் ஒய் குரோமோசோமிலும் அது இருப்பதைக் காட்டினார். மனிதனிலும் அது உண்டு, ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது என்று தெரிந்ததும் அது டிஎன்ஏ ரேகைச் சோதனைக்கான கருவியாக மாறியது.

லால்ஜி சிங் 1987-இல் ஹைதராபாத் வந்து சிசிஎம்பியில் (செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம்) சேர்ந்தார். அந்த நிறுவனத்தை 1977-இல் தொடங்கிய பி.எம்.பார்கவாவுக்கும் விந்து ஆராய்ச்சியோடு சம்பந்தம் உண்டு. காளையின் விந்து நீரில் பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து 1979-இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் அவர். ஆனால் சிசிஎம்பியின் பெயர் வெளியே தெரிந்தது கோர்ட்டுகள் மூலமாகத்தான். கேரளத்தின் தலச்சேரியில் ஒரு தந்தைமை வழக்கு, குழந்தைக்கு அப்பா யார் என்ற கேள்வி. இந்திய நீதிமன்றத்தில் டிஎன்ஏ ரேகை முதலில் போய் நின்றது அங்கேதான். அடுத்து நம்ம பக்கமே வந்தது. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. தாக்குதல் நடத்திய பெண்ணின் அடையாளத்தை உறுதி செய்யச் சிதறிய உடல் பாகங்களின் டிஎன்ஏ ஹைதராபாத்தில் சோதிக்கப்பட்டது. பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வந்த அந்த வழக்கின் தடயங்களில் அதுவும் ஒன்று. கட்டுவிரியனில் தொடங்கிய ஒரு வேலை பூந்தமல்லி கோர்ட் வரைக்கும் வந்து சேர்ந்தது என்பதை இந்த ஊர்க்காரனாக ஆச்சரியத்தோடு குறித்து வைக்கிறேன்.

'அப்பா யார்' என்று சொல்லத் தெரிந்த அதே ஆய்வகம், 'இவர் ஏன் அப்பா ஆக முடியவில்லை' என்ற கேள்விக்கு வந்தது 1990களின் கடைசியில். அதற்குள் உலகத்தில் ஏஇசட்எஃப் கதை வேகமாக நகர்ந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் தெரிகிற அளவு பெரிய துண்டு போனால்தான் டியெபோலோ, சுஃபார்டியால் பிடிக்க முடிந்தது. பிசிஆர் வந்த பிறகு மிகச் சின்ன இழப்பையும் பிடிக்க முடிந்தது. 1995-இல் அமெரிக்காவில் டேவிட் பேஜ் குழு விந்தணுவே இல்லாத 89 ஆண்களில் 12 பேருக்கு ஒய்யில் ஒரே பகுதி விடுபட்டிருப்பதைக் காட்டி, அங்கிருந்த ஜீனுக்கு 'டேஸ்' என்று பெயரிட்டது. 1996-இல் ஜெர்மனியின் பீட்டர் ஃபோக்ட் குழு 370 ஆண்களை ஆராய்ந்து, இது ஒரு பகுதி இல்லை, மூன்று என்று பிரித்தது. ஏஇசட்எஃப் ஏ, பி, சி.

ஏன் ஒய் மட்டும் இப்படிப் பிய்ந்து போகிறது? இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன், நாலு நாள் வேற எதுவும் படிக்கவில்லை. மற்ற குரோமோசோம்கள் ஜோடியாக இருக்கும். ஒன்றில் பழுது வந்தால் இன்னொன்றைப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம். ஒய்க்கு ஜோடி கிடையாது. நுனிகளைத் தவிர மற்ற இடத்தில் எக்ஸோடு அது எதையும் மாற்றிக்கொள்வதில்லை. நம்ம பாஷையில் சொன்னால் ரெப்ளிகா இல்லாத டேட்டாபேஸ். அதற்கு ஒய் கண்டுபிடித்த வழி, பேக்கப்பைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது. 2003 ஜூனில் வெளியான ஒய்யின் வரிசையில் எட்டு பெரிய பாலிண்ட்ரோம்கள் இருந்தன. 'விகடகவி' மாதிரி, ஒரு கையில் உள்ளதன் கண்ணாடிப் பிம்பம் மறு கையில். அதில் பெரியதான பி1 பாலிண்ட்ரோமின் நீளம் 29 லட்சம் எழுத்து. இரண்டு கைகளும் 99.97% ஒரே மாதிரி. ஒரு கையில் பிழை வந்தால் மறு கையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். விந்தணுவுக்கான ஜீன்கள் பல இந்தக் கைகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அழகான டிசைன். ஆனால் ஒரே மாதிரியான இரண்டு பகுதிகள் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், காப்பி எடுக்கும்போது செல் குழம்பி ஒன்றை இன்னொன்று என்று நினைத்து ஒட்டிவிடும். நடுவில் இருப்பது மொத்தமும் வெட்டுப்பட்டுப் போய்விடும். ஏஇசட்எஃப்-சி இழப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, ஒரே வீச்சில் சுமார் 35 லட்சம் எழுத்து. டேஸின் நாலு பிரதிகளும் அதோடு போய்விடும். சில ஆயிரம் ஆண்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் இது எல்லா நாட்டிலும் நடந்துகொண்டே இருக்கிறது.

இந்தச் சூழலில்தான் சிசிஎம்பியின் ஆய்வு வந்தது. நடத்தியவர்களில் முக்கியமானவர் குமாரசாமி தங்கராஜ், தமிழ்நாட்டுக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தமான் பழங்குடிகள், இந்திய மக்களின் மரபணு வரலாறு ஆகியவற்றுக்காகத்தான் அவர் பெயர் அதிகம் அடிபடும். தமிழ் இணையத்தில் ஆரியர், திராவிடர் சண்டையில் அவர் கட்டுரைகளை மேற்கோள் காட்டாத ஆள் கிடையாது. அதே ஆய்வாளர் இருபது வருஷத்துக்கும் மேலாக ஆண் குழந்தையின்மையில் வேலை செய்திருக்கிறார் என்பதை நம்ம ஆட்களில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

2003-இல் வந்த அந்தக் கட்டுரையில் 570 ஆண்கள். விந்தணு அறவே இல்லாத 340 பேர், ஒப்பீட்டுக்கு 230 பேர். ஒவ்வொருவர் ரத்தத்திலிருந்தும் டிஎன்ஏ எடுத்து, ஒய்யில் முன்பே தெரிந்த 30 இடங்களை பிசிஆரில் தேடினார்கள். டெர்மினலில் கிரெப் போடுவது மாதிரிதான் இது. இந்தத் தொடர் ஃபைலில் இருக்கா, இல்லையா? இருந்தால் ஜெல்லில் ஒரு கோடு விழும். இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமை என்பது சோதனை சொதப்பியதாலும் வரலாம் என்பதால், இந்த மாதிரி சோதனைகளில் எல்லா ஆண்களுக்கும் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு ஜீனையும் கூடவே தேடுவார்கள். அது தெரிந்து, மற்றது தெரியாவிட்டால்தான் 'இல்லை' என்பதற்கு அர்த்தம். சிசிஎம்பி அதோடு நிற்காமல் சதர்ன் ஹைப்ரிடைசேஷன் என்ற பழைய, சிரமமான முறையிலும் இழப்புகளை உறுதி செய்தது.

முடிவு: 340 பேரில் 29 பேருக்கு, அதாவது 8.5% பேருக்கு, ஒய்யில் துண்டு இல்லை. அந்த 29-இல் 24 பேருக்கு சி பகுதி பாதிப்பு, 16 பேருக்கு பி, 7 பேருக்கு ஏ. கூட்டினால் 29-ஐத் தாண்டுகிறதே என்றால், சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பகுதி போயிருக்கிறது. அறுபட்ட இடங்களின் ஓரத்தில் பழைய வைரஸ்களின் மிச்சங்கள் மாதிரியான திரும்ப வரும் தொடர்கள் கிடந்ததையும் பார்த்தார்கள்.

8.5% என்பது சின்ன எண்ணா, பெரிய எண்ணா? பத்திரிகைச் செய்திகள் எப்போதும் 'காரணம் கண்டுபிடிப்பு' என்று தலைப்பு போடும். கட்டுரையைப் படித்தால், மீதி 311 பேருக்குக் காரணம் இந்தச் சோதனையில் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதில் சிலருக்குக் கிளைன்ஃபெல்டர் மாதிரி குரோமோசோம் கோளாறு இருக்கலாம், சிலருக்குக் குழாய் அடைப்பு, சிலருக்குச் சின்ன வயசில் வந்த பொன்னுக்கு வீங்கி விந்தகத்தைத் தாக்கியது, சிலருக்கு ஹார்மோன். ஆனால் அந்த 29 பேருக்கு அது பெரிய எண்தான். ஏன் என்று சொல்ல 1992-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் பிரஸ்ஸல்ஸில் பலெர்மோ குழு ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் இக்ஸி முறையில் கர்ப்பம் உண்டாக்கியதாக அறிவித்தது. கோடிக்கணக்கில் விந்தணு வேண்டாம், ஒன்று போதும். விந்தில் இல்லையென்றாலும் விந்தகத்தை அறுவைசிகிச்சையில் திறந்து தேடி எடுக்கலாம். அதுவரை 'வாய்ப்பே இல்லை' என்று சொல்லப்பட்ட ஆண்கள் அப்பா ஆனார்கள். இன்று ரோட்டோரப் பலகைகளில் பாதி இந்த முறையை நம்பித்தான் நிற்கிறது.

இங்கேதான் ஒய் சோதனைக்கு வேலை. ஏ பகுதி முழுசாகவோ பி பகுதி முழுசாகவோ போயிருந்தால், விந்தகத்தைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்க அநேகமாக வாய்ப்பே இல்லை. ஆபரேஷன் வீண், மனைவிக்குப் போடும் ஹார்மோன் ஊசிகள் வீண், நகை அடகு வைத்த பணம் வீண். சி பகுதி மட்டும் போயிருந்தால் பாதிப் பேருக்குக் கிடைக்கலாம். கொஞ்சம் ரத்தம், ஒரு பிசிஆர், ஒரு மதியத்து வேலை. இது ஒரு குடும்பத்தின் இரண்டு வருஷத்தைக் காப்பாற்றும். விந்தில் அணுவே இல்லாதவர்களுக்கும் எண்ணிக்கை மிகவும் குறைவாக உள்ளவர்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி ஐரோப்பிய வழிகாட்டி 1999-லேயே வந்தது. ஆறு இடங்களைத் தேடினால் போதும் என்று அது எளிமையாக்கியது. என் உறவுக்காரத் தம்பதி ஒன்று மூன்று மையங்களில் நாலு வருஷம் அலைந்தார்கள். அந்தப் பெண்ணின் கர்ப்பப்பையை எத்தனை விதமாகப் பார்க்க முடியுமோ அத்தனை விதமாகப் பார்த்தார்கள். அவருடைய ஒய்யை யாரும் கேட்கவில்லை, நாலாவது வருஷம் வரைக்கும். கேட்கக் கூச்சமா, வருமானமா, இரண்டுமா என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் வரிசை தலைகீழ் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. விந்துப் பரிசோதனைதான் இதில் ஆகச் சுலபமானது, வலியில்லாதது, மலிவானது. அதுதான் முதலில் நடக்க வேண்டும்.

சிசிஎம்பி ஒய்யோடு மட்டும் நிற்கவில்லை. விந்தணுவின் வாலுக்குச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. அதன் டிஎன்ஏவில் ஏற்படும் பிழைகள் நீந்தும் வேகத்தைக் குறைக்கலாம் என்று அதே 2003-இல் ஒரு கட்டுரை வந்தது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் ஜீனில் சிஏஜி என்ற மூன்றெழுத்து எத்தனை முறை வருகிறது என்பதையும் அலசினார்கள். பிறகு சீக்வென்சிங் விலை சரிந்தது, ஒன்றிரண்டு ஜீனைச் சந்தேகப்பட்டுத் தேடுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிக்க முடிந்தது. 2022-இல் வந்த ஆய்வில் 47 ஆண்களின் எல்லா ஜீன்களின் முக்கியப் பகுதிகளையும் படித்து, கிடைத்த மாற்றங்களைச் சுமார் 1,500 பேரில் சரிபார்த்து, எட்டு புதிய ஜீன்களை அடையாளம் காட்டினார்கள். அதில் சிஇடிஎன்1 என்ற ஜீனில் வரும் ஒரு மாற்றம் செல் பிரிவதையே நிறுத்திவிடுகிறது, விந்தணு பாதியிலேயே நின்றுபோகிறது. 2024-இல் டெக்ஸ்13பி என்று இன்னொரு ஜீன். இது இருப்பது எக்ஸில். மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும், அம்மாவுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. (இதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் பயம், 'பாத்தியா, மறுபடியும் பொம்பளைதான் காரணம்' என்று எவனாவது வாட்ஸ்அப்பில் போடுவான் என்பதுதான்.)

எல்லாமே ஜீன் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ முதுகலை மையத்தில் எம்.எம்.அருள்தாஸ் குழு, குடிநீரில் குரோமியம் கலந்து 180 நாள் குரங்குகளுக்குக் கொடுத்து விந்தகத் திசு எப்படிச் சிதைகிறது என்று காட்டியது, 2005-இல். குரோம் தோல் கம்பெனியால் ஒரு ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்த நகரத்தில், அது மேற்கோள் காட்டப்படவேண்டிய ஆய்வு. அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் பட்டறைகள், உலைகள், வெல்டிங் என்று வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் தனியாக எழுதவேண்டிய பதிவு.

திரும்ப ஒய்க்கே வருகிறேன், ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இந்த மாதிரி இழப்பு உள்ளவரின் அப்பாவைப் பரிசோதித்தால் அவருடைய ஒய் பெரும்பாலும் முழுசாகத்தான் இருக்கும், பாவியாவில் பார்த்த மாதிரியே. பரம்பரைக் குறை, குலசாபம், முன்னோர் பாவம் எதுவும் இல்லை. அப்பாவின் உடம்பில் உருவான கோடிக்கணக்கான விந்தணுக்களில் ஒன்றில் காப்பி எடுக்கும்போது துண்டு விழுந்தது, அந்த ஒன்றே இவராகப் பிறந்தது. இயற்கையில் இது அநேகமாக அவரோடு முடிந்துவிடும். இக்ஸி வந்த பிறகு முடியவில்லை. மகள் பிறந்தால் அவளுக்கு ஒய் இல்லை, பிரச்சினையும் இல்லை. மகன் பிறந்தால் துண்டு விழுந்த அதே ஒய் நிச்சயமாக அவனுக்குப் போகும். இதைச் சொல்லியும் 'பரவாயில்லை, அவன் காலத்தில் வைத்தியம் இன்னும் முன்னேறியிருக்கும்' என்று முடிவெடுக்கிற தம்பதிகள் உண்டு, அது அவர்கள் உரிமை. சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

இக்ஸி முறையை உலகத்துக்குத் தந்த பிரஸ்ஸல்ஸ் மருத்துவமனையே அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தது. தந்தையின் கடுமையான விந்தணுக் குறைக்காக இக்ஸி செய்து பிறந்து, 18 முதல் 22 வயதாகியிருந்த 54 இளைஞர்கள். தந்தைகளின் குறைக்கான காரணங்கள் பலவகை, ஒய் இழப்பு மட்டுமில்லை. 2016-இல் வெளியான முடிவின்படி அவர்களுடைய விந்தணு அடர்த்தி, இயல்பாகப் பிறந்த அதே வயது இளைஞர்களில் பாதியளவுதான் இருந்தது. அந்த மூத்த இக்ஸி பிள்ளைகளுக்கு இப்போது முப்பதைத் தாண்டுகிறது, கல்யாணம் ஆகிற வயசு.